புதுப்பிப்பு: கெர்னல் க்ளோன் ஒருவழியாக இறங்கிவிட்டது

மன்னார்குடியிலிருந்து லினக்ஸ் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ரெப்போவை, அதாவது அதன் நிரலும் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியத்தை, கிட் என்ற கருவியால் க்ளோன் செய்தால் (முழு நகலை இறக்கினால்) பாதியில் டைம்அவுட் ஆகிறது என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. கிட் க்ளோன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். இங்கே மழை பிடித்தால் கரண்ட்டோடு நெட்டும் போகும், அப்புறம் எங்கே முடிவது? அப்போது பதில் சொன்னவர்கள் போஸ்ட்பஃபர் என்ற கிட் அமைப்பின் அளவைக் கூட்டச் சொன்னீர்கள், அது புஷ் செய்யும்போது (நம் மாற்றங்களைச் சர்வருக்கு ஏற்றும்போது) அனுப்பும் தரவுக்கானது, இதற்கு உதவாது.

க்ளோனில் டெப்த் 1 (எத்தனை கமிட் ஆழம் வேண்டும் என்ற அளவு) கொடுத்துக் கடைசி கமிட்டை, அதாவது கடைசியாகப் பதிந்த மாற்ற நிலையை, மட்டும் இறக்கினேன். பிறகு புதிதாக வேண்டியதை இறக்கும் ஃபெட்ச் கட்டளையில், வரலாற்றின் ஆழத்தைக் கூட்டும் டீப்பன் போட்டு, முறைவைத்துத் தண்ணீர் விடுவது மாதிரி வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன், நடுவில் அறுந்தாலும் அதுவரை முடிந்த தவணைகள் கைவசம் இருக்கும். கோப்புகளின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு வரலாற்றை மட்டும் இறக்கி, வேண்டும்போது உள்ளடக்கத்தை எடுக்கும் பிளாப் நன் ஃபில்டரும் நல்லதுதான், ஆனால் இன்னும் இறங்காத பழைய கோப்பைத் திறக்கும்போதெல்லாம் நெட் கேட்கும், எங்கள் ஊருக்குச் சரிப்படாது.