ரெய்டு 5 ரீபில்டு பாதியில் நின்றது, இரண்டாவது டிஸ்க்கும் வெளியே: டேட்டாவை எடுக்க வழி உண்டா?

அணில்வால்
டெஸ்க்டாப்பில் லினக்ஸ். எம்டிஆட்ம் (லினக்ஸின் ரெய்டு கருவி) மூலம் 4 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கை ரெய்டு 5 ஆக (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் அமைப்பு) சேர்த்தது, மேலே எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். டிஸ்க்குகளை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இ வெளியேறி அரே (டிஸ்க்குகளின் தொகுப்பு) டிகிரேடட் (ஒரு டிஸ்க் குறைந்த நிலை) ஆனது. புது டிஸ்க் (உ) சேர்த்து ரீபில்டு (போன டிஸ்க்கின் டேட்டாவைக் கணக்கிட்டு எழுதுவது) ஓடவிட்டேன். 62 சதவீதத்தில் ஈயும் ஃபெயில்டு என்று வந்து, மொத்த அரேயும் நின்றுவிட்டது. இ அப்படியே இருக்கிறது, ஃபார்மட் செய்யவில்லை. பேக்கப் பாதிக்குத்தான் உண்டு. அடுத்து என்ன செய்யலாம்?

நீலத்திரை
எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்துற கருவி) ஓட்டிப் பாருங்க. சரியாகலைன்னா பழைய நாலு டிஸ்க்கையும் அதே வரிசையில் கொடுத்து எம்டிஆட்ம் கிரியேட் (புது அரே உருவாக்குற கட்டளை) போட்டா அரே திரும்ப வந்துடும்.

கம்பிமத்தாப்பு
ரெண்டையும் செய்யாதீங்க. கிரியேட் போட்டா பழைய சூப்பர்பிளாக் (டிஸ்க்குல அரே விவரம் இருக்கிற பகுதி) மேல புதுசு எழுதிடும். சங்க் சைஸ் (ஒரு டிஸ்க்குல தொடர்ந்து எழுதற துண்டோட அளவு) இப்போ தானா 512 கேபி எடுக்கும், பழைய பதிப்புல 64. டேட்டா ஆஃப்செட்டும் (டேட்டா தொடங்குற இடம்) பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒண்ணு தப்பினாலும் உள்ளே இருக்கிறது குப்பை மாதிரி தெரியும், அதோட ரீசிங்க் வேற ஆரம்பிச்சு தப்பான பாரிட்டியை (போன டிஸ்க்கைக் கணக்கிட உதவுற தகவல்) எழுதும். எஃப்எஸ்சிகே அதைவிட மோசம். அரை உயிரா இருக்கிற அரே மேல "சரிசெய்யறேன்"னு எழுதிக்கிட்டே போகும்.

முதல்ல அரேயை ஸ்டாப் பண்ணுங்க. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எம்டிஆட்ம் எக்ஸாமின் ஓட்டி வர்றதை யூஎஸ்பியில சேமிச்சு வைங்க. அதுல ஈவென்ட்ஸ் எண்ணும் (அரே மாற மாற ஏறுற எண்) டிவைஸ் ரோலும் (அரேயில டிஸ்க்கோட இடம்) வேணும். ஸ்மார்ட் பட்டியல்ல (டிஸ்க்கோட ஆரோக்கியப் பதிவு) 5 (மாற்றப்பட்ட கெட்ட செக்டார்), 197 (படிக்க முடியாம காத்திருக்கிற செக்டார்), 199 (இணைப்புப் பிழை) மூணு வரியையும், எஸ்சிடி ஈஆர்சி (கெட்ட இடத்தைப் படிக்க டிஸ்க் முயல்ற நேரத்துக்கு வரம்பு) நிலையையும், ஈ வெளியேறின நேரத்துக் கெர்னல் லாக்கையும் போடுங்க. ரீபூட் ஆனா டிஸ்க் எழுத்து மாறிடும், அதனால சீரியல் நம்பரை வெச்சே பேசுவோம்.

அணில்வால்
ஈவென்ட்ஸ்: அ, ஆ 61842. ஈ 61835. இ 58107.
இ: 5-ம் 197-ம் பூஜ்யம், 199-ல் 1316.
ஈ: 5 பூஜ்யம், 197-ல் 16, 199 பூஜ்யம்.
உ தவிர எல்லாம் ஒரே மாடல். ஈஆர்சி "சப்போர்ட் இல்லை" என்கிறது. லாக்கில் முதலில் டைம்அவுட், பிறகு லிங்க் ரீசெட், கடைசியில் டிஸ்க் முடக்கப்பட்டதாக வரி.
ஈவென்ட்ஸ் வித்தியாசம் பெரிதில்லையே, இயையும் சேர்த்து ஃபோர்ஸ் போடலாமா?

கம்பிமத்தாப்பு
கூடாது. இ வெளியேறின பிறகும் அரேயில எழுத்து நடந்திருக்கு, அதுல இருக்கிறது பழைய நிலை. ஈ அப்படி இல்லை, ஏழே ஈவென்ட் பின்தங்கல். ரெண்டாவது டிஸ்க் போன உடனே எழுத்து நின்னுடும், அதனால ஈயை நம்பலாம்.

நடந்தது இதுதான். இ கெட்ட டிஸ்க்கே இல்லை. 199 ஏறுறது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா சிதையறதைக் காட்டும். பெரும்பாலும் சாட்டா கேபிள், சில சமயம் தளர்ந்த பவர் இணைப்பு. ஈயில படிக்க முடியாத செக்டார் இருந்திருக்கு. ஈஆர்சி இல்லாத டிஸ்க் அந்த ஒரு இடத்தைப் படிக்க ஒரு நிமிஷத்துக்கும் மேல முட்டி மோதும். கெர்னல் காத்திருக்கிறது 30 வினாடிதான். அதுக்குள்ள பதில் வரலைன்னா லிங்க்கை ரீசெட் பண்ணும், டிஸ்க் அப்பவும் வாய் திறக்காது, எம்டி (கெர்னலோட ரெய்டு பகுதி) அதைத் தூக்கி வெளியே போட்டுடும்.

உவில் பாதி ரீபில்டுதான், இழக்க எதுவும் இல்லை. அதையே நகல் எடுக்கப் பயன்படுத்துங்க:

டிடிரெஸ்க்யூவில (கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கிற கருவி) மூலம் ஈ, இலக்கு உ. மாத்திக் கொடுத்தா அவ்வளவுதான், சீரியல் நம்பரை ரெண்டு தடவை பாருங்க. பார்ட்டிஷனை மட்டும் இல்லாம முழு டிஸ்க்கையும் எடுங்க. மேப் ஃபைல் (எது நகலாச்சு, எது ஆகலைன்னு குறிக்கிறது) கட்டாயம், அதுவும் வேற டிஸ்க்குல இருக்கணும். முதல் சுற்றுல கெட்ட இடங்களைச் சுரண்டாம தாண்டிப் போகச் சொல்லுங்க. அடுத்த சுற்றுல நேரடி அணுகலோட மூணு மறுமுயற்சி. 150 எம்பி வேகம் வந்தா ஏழரை மணி நேரம் ஆகும். உ, ஈயைவிட ஒரு பைட்டும் குறைவா இருக்கக்கூடாது.

முடிஞ்சதும் மெஷினை அணைச்சு ஈ, இ ரெண்டையும் கழட்டிடுங்க. ஒரே சூப்பர்பிளாக்கோட ரெண்டு டிஸ்க் மாட்டியிருந்தா எம்டி எதை எடுக்கும்னு சொல்ல முடியாது. பிறகு அ, ஆ, உ மூணை மட்டும் கொடுத்து அசெம்பிள், கூடவே ஃபோர்ஸ், ரீட்ஒன்லி. மவுண்ட் பண்ணும்போது ஆர்ஓவோட நோலோடும் சேருங்க. இல்லைன்னா எக்ஸ்ட்4 ஜர்னலை (முடியாத எழுத்துகளோட பதிவு) திரும்ப ஓட்டப் பார்க்கும், ரீட்ஒன்லி அரேயில அது நடக்காம மவுண்ட்டே தோத்துடும்.

அணில்வால்
நகல் முடிந்தது. 4096 பைட் மட்டும் படிக்க முடியவில்லை. அரே மூன்று டிஸ்க்கோடு எழுந்தது, ஃபோல்டர்கள் தெரிகின்றன. எந்த ஃபைல் அடிபட்டது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பிட்டுக்குபிட்டு
முடியும், முழுசா இல்லை. டிடிரெஸ்க்யூவுக்கு ஃபில் மோட் உண்டு. மேப் ஃபைலைக் கொடுத்து, உவில் அந்த 4096 பைட்டை மட்டும் ஏதாவது தனித்துவமான சொல்லால நிரப்புங்க. அரேயை ஸ்டாப் பண்ணிட்டுத்தான் இதைச் செய்யணும். அப்புறம் மவுண்ட் பண்ணி எல்லா ஃபைல்லயும் அந்தச் சொல்லைத் தேடுங்க.

ஒரு சிக்கல்: இப்போ இயோட டேட்டா மத்த மூணுலேர்ந்து கணக்குப் போட்டு வருது. அந்த ஸ்ட்ரைப்ல (எல்லா டிஸ்க்குலயும் ஒரே வரிசையில இருக்கிற துண்டுகள்) ஈ, இ ரெண்டுமே டேட்டா வெச்சிருந்தா ரெண்டு இடம் சிதையும், ஆனா சொல் ஒரு இடத்துலதான் தெரியும். ஈயில பாரிட்டி இருந்திருந்தா சொல்லே தெரியாது, இ பக்கத்து டேட்டா மட்டும் கெட்டிருக்கும். சொல் எங்கேயும் கிடைக்கலைன்னா முக்கியமான ஃபைல்களைப் பாதி பேக்கப்போட செக்சம் (ஃபைலோட உள்ளடக்கத்துலேர்ந்து கணக்கிடுற எண்) வெச்சு ஒப்பிடுங்க. காலி இடத்துல விழுந்திருந்தா நஷ்டமே இல்லை.

கம்பிமத்தாப்பு
முதல்ல எல்லாத்தையும் வெளியே காப்பி எடுங்க, துப்பறியறதெல்லாம் அப்புறம்.

காப்பி முடிஞ்சு ரீபில்டுக்கு முன்னாடி: சிஸ் அடைவுல பிளாக், அதுக்குள்ள டிஸ்க் பெயர், டிவைஸ், அதுல டைம்அவுட்னு ஒரு ஃபைல். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதுல 30-ஐ 180 ஆக்குங்க. ரீபூட் ஆனா பழையபடி ஆயிடும், யூடெவ் (டிஸ்க்கைக் கண்டதும் அமைப்புகளைத் தானா போடுற சேவை) விதியில போட்டு வைங்க. உவுக்கு ஈஆர்சி இருந்தா 70 கொடுங்க, அது 7 வினாடி. பல டிஸ்க் பவர் போனா இதையும் மறந்துடும்.

இக்குப் புது கேபிள், வேற போர்ட். எம்.2 ஸ்லாட்டோட பாதையைப் பங்கு போடுற சாட்டா போர்ட்டைத் தவிருங்க, போர்டு மேனுவல்ல இருக்கும். ஸ்மார்ட் லாங் டெஸ்ட்ல (முழு டிஸ்க் சோதனை) இ தேறினா அதோட சூப்பர்பிளாக்கை அழிச்சு, அரேயை ரீட்ஒன்லியிலேர்ந்து மாத்தி, ஆட் பண்ணுங்க. 199 எண் குறையவே குறையாது. 1316-லேயே நின்னா கேபிள்தான் காரணம்; இன்னும் ஏறினா பவர் ஸ்ப்ளிட்டரை மாத்துங்க.

நீலத்திரை
அப்போ ஈயைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

கம்பிமத்தாப்பு
காப்பியும் ரீபில்டும் முடியற வரை தொடவே தொடாதீங்க, அதுதான் கடைசி அசல். பிறகு முழுக்கப் பூஜ்யம் எழுதிப் பாருங்க. 197 பூஜ்யமாகி 5-ம் ஏறலைன்னா ஆஃப்லைன் பேக்கப்புக்கு வெச்சுக்கலாம். 5 ஏறினா வேண்டாம்.
மாசம் ஒரு தடவை அரே செக் ஓடுதான்னும் பாருங்க. படிக்க முடியாத செக்டாரை மத்த டிஸ்க்குலேர்ந்து கணக்குப் போட்டு அதே இடத்துல திரும்ப எழுதறது அதுதான். நாலு டிஸ்க்கும் இருந்த காலத்துல அது ஓடியிருந்தா ஈயோட அந்த 16 செக்டாரும் அப்பவே பிடிபட்டிருக்கும்.