பாரன்ஸில் ஒரு குவெஸ்ட்கூட வரவில்லை, கேம்ப் டாராஹோவையும் காணோம்: உதவி தேவை

செம்மண்வேடன்:
வணக்கம் நண்பர்களே. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் ஹார்ட் பக்கம் (எதிர்ப்பக்கம் அலையன்ஸ்) ஒரு டாரன் ஹன்டர், அதாவது காளைமுக இனத்து வேடன், வைத்திருக்கிறேன், லெவல் 80. எங்கள் அண்ணன் 2007 வாக்கில் விடிய விடிய ஆடிய ஆட்டம் இது. அவன் அடிக்கடி சொல்வது பாரன்ஸ் புல்வெளியைப் பற்றித்தான். அங்கே கிராஸ்ரோட்ஸ் என்ற ஊரில் நிற்கும் மன்கிரிக், தொலைந்துபோன அவன் மனைவி, தெற்கே கேம்ப் டாராஹோ என்ற டாரன் முகாம். அதையெல்லாம் ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நேற்று கிளம்பினேன்.

கிராஸ்ரோட்ஸில் மன்கிரிக் இல்லை. தெற்கே போனால் தரை பிளந்து நெருப்புக்குழம்பு ஓடுகிறது. மேப்பில் "சதர்ன் பாரன்ஸ்" என்று வருகிறது. டாராஹோ இருக்க வேண்டிய இடத்தில் கரிந்த கூடாரங்கள்தான் கிடக்கின்றன, யாரோ சிலர் அதற்குள் கிளறிக்கொண்டு நிற்கிறார்கள். குவெஸ்ட் (கேம் தரும் வேலை) இருப்பதைக் காட்டும் மஞ்சள் ஆச்சரியக்குறி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆடான் (கேமோடு சேர்த்துப் போடும் துணை மென்பொருள்) எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பார்த்தேன், கேமை ரிப்பேர் செய்தும் பார்த்தேன், பலன் இல்லை. என் கேரக்டரில்தான் ஏதாவது கோளாறா?

ஓட்டைக்கேடயம்:
குரோமி என்ற கேம் பாத்திரத்திடம் பேசிப் பாருங்கள். ஹார்டின் தலைநகர் ஆர்க்ரிமாரில் நிற்பாள், எந்தக் காலகட்டத்தின் கதை வேண்டும் என்று கேட்பாள். கேட்டக்ளிசம் என்ற விரிவாக்கத்தைச் சொன்னால் பாரன்ஸ் குவெஸ்ட் எல்லாம் வரும்.

செம்மண்வேடன்:
கேட்டேன் அண்ணா. எனக்கு அந்தத் தேர்வே காட்டவில்லை.

மூன்றாம்கோடாலி:
காட்டாது தம்பி. குரோமியின் ஏற்பாடு லெவல் ஏற்றிக்கொண்டிருக்கும் கேரக்டருக்குத்தான், 80-க்கு இல்லை. உங்கள் கேரக்டரில் கோளாறும் இல்லை. இரண்டு விஷயம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது, பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் குவெஸ்ட். உங்கள் லெவலுக்கு ரொம்பக் கீழே இருக்கும் குவெஸ்ட்களை கேம் தானாக மறைத்துவிடும். மினிமேப் ஓரத்தில் பூதக்கண்ணாடி மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும், அதில் "ட்ரிவியல் குவெஸ்ட்ஸ்" என்பதில் டிக் போடுங்கள். அப்புறம் வடக்கே ஹன்டர்ஸ் ஹில்லுக்குப் போங்கள். ஹார்ட் பக்கத்துக் கதை அங்கிருந்து தொடங்கினால்தான் கோர்வையாக வரும். நேரே டாராஹோவில் போய் நின்றால் பாதிக் கதையில் நுழைந்த மாதிரி இருக்கும்.

அடுத்து மன்கிரிக். உங்கள் அண்ணன் பார்த்த பாரன்ஸ் 2004-இல் வந்தது, ஒரே நிலப்பரப்பு. 2010 டிசம்பரில் கேட்டக்ளிசம் வந்தபோது டெத்விங் என்ற டிராகன் எழுந்து உலகத்தையே கிழித்தான். நீங்கள் பார்த்த நெருப்புப் பிளவுக்குப் பெயர் கிரேட் டிவைட். அன்றிலிருந்து பாரன்ஸ் வடக்கு, தெற்கு என்று இரண்டாகிவிட்டது. தெற்கில் ஹார்டுக்கும் அலையன்ஸுக்கும் சண்டை. அலையன்ஸ் படை டாராஹோவை எரித்தது, அதற்குப் பிறகுதான் தங்கள் தாயகமான முல்கோரின் எல்லையில் டாரன்கள் கிரேட் கேட் என்ற பெரிய வாயிலைக் கட்டி அடைத்தார்கள். அங்கே கிளறிக்கொண்டு நிற்பவர்கள் கொள்ளையர்கள். நீங்கள் டாரன் அல்லவா, தயங்காமல் அடியுங்கள்.

பழைய பாரன்ஸ் வேண்டுமானால் லாஞ்சரில் கேம் வெர்ஷனை மாற்றி "கிளாசிக் எரா" எடுக்க வேண்டும். மாதச் சந்தா அதேதான், தனியாகப் பணம் கிடையாது. ஆனால் உங்கள் ஹன்டர் அங்கே வரமாட்டார், லெவல் 1-லிருந்து புதிதாக ஏற்ற வேண்டும். கிளாசிக் என்ற பெயரைப் பார்த்ததும் எடுத்துவிடாதீர்கள். கேட்டக்ளிசத்தையும் அதற்குப் பின் வந்ததையும் மறுபடி ஓட்டும் கிளாசிக்கிலும் பாரன்ஸ் பிளந்துதான் கிடக்கும்.

செம்மண்வேடன்:
அண்ணா, டிக் போட்டதும் குவெஸ்ட்கள் வந்துவிட்டன! ராத்திரி முழுக்க உட்கார்ந்து அலையன்ஸ் கோட்டையான ஃபோர்ட் ட்ரையம்ஃப் பக்கம் வரை வந்துவிட்டேன். டாராஹோவை எரிக்க உத்தரவிட்ட ஜெனரல் ஹாதார்னைக் கொல்லச் சொல்லும் குவெஸ்ட், பெயரே "டாராஹோவின் கசாப்புக்காரன்". கொன்றும் விட்டேன். ஒரே அம்பில் விழுந்துவிட்டான். பழி தீர்த்த மாதிரி மனதுக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

நாவல்மரம்:
ஒரே அம்பில் விழுந்தது லெவல் வித்தியாசத்தால். இந்த இடத்தை 80-ஐ வைத்து ஆடக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். பத்தாவது லெவலில் ஒரு ஆல்ட்டோடு (கூடுதல் கேரக்டர்) போனால் பன்றிமுகக் குவில்போர் இரண்டு பேர் சேர்ந்து வந்தாலே ஓட வேண்டியிருக்கும், அப்போதுதான் அது போர்க்களம்.

ஹாதார்னைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும் தம்பி. அலையன்ஸ் பக்கம் ஒரு ஆல்ட் போட்டு ஹானர்ஸ் ஸ்டாண்டிலிருந்து ஆடிப் பாருங்கள். டாராஹோ முற்றுகையின்போது அவர் வேண்டுமென்றே தன் படை வரிசையில் ஒரு பக்கத்தைத் தளர்த்தி வைத்திருந்தார், பொதுமக்கள் தப்பித்துப் போகட்டும் என்று. அப்படி ஓடியவர்கள் குவில்போர்களிடம் போய் மாட்டிக்கொண்டார்கள். டாரன்கள் கண்ணில் பட்டது அந்தச் சாவுதான், அவர் விட்ட வழி யாருக்கும் தெரியவில்லை. ஹார்ட் பக்கம் மட்டும் ஆடியவருக்கு அவர் கசாப்புக்காரன். நானும் நான்கு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அலையன்ஸ் பக்கம் அவர் பேசுவதைப் படித்துவிட்டு கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அவசரமாக ஓடிக் கடந்துவிடாதீர்கள்.

செம்மண்வேடன்:
இது தெரியாமல் போய்விட்டதே. இன்றைக்கே ஒரு ஆல்ட் போடுகிறேன் அக்கா. கிளாசிக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறது. மன்கிரிக்கின் மனைவி எங்கே கிடப்பாள் என்று யாராவது சொல்லுங்கள். குவெஸ்ட்டில் எழுதியிருப்பதைப் படித்தால் இடம் புரியவில்லை.

மூன்றாம்கோடாலி:
அது யாருக்குமே புரிந்ததில்லை, அந்தக் காலத்தில் பாரன்ஸ் சாட் முழுக்க இதே கேள்விதான் ஓடும். கிராஸ்ரோட்ஸிலிருந்து கோல்ட் ரோடில் தெற்கே, டாராஹோவை நோக்கி நடங்கள். பாதிக்கு மேல் வந்ததும் சாலையோரத்தில் சின்னக் குடிசைகள் தெரியும். ஆயத்தொலைவு 49, 50-ஐ ஒட்டி. மேப்பில் ஆயத்தொலைவு காட்டாது, அதற்கு ஒரு ஆடான் போட்டுக்கொள்ளுங்கள். மினிமேப்பில் எந்தக் குறியும் வராது. "அடிபட்ட சடலம்" என்ற அர்த்தத்தில் பெயர் காட்டும், அதைச் சொடுக்குங்கள்.

செம்மண்வேடன்: (பதினோரு நாள் கழித்து)
தீர்ந்தது, எல்லோருக்கும் நன்றி. கிளாசிக்கில் டாரன் ஹன்டரை லெவல் 14 வரை ஏற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். ஆடானே தேவைப்படவில்லை. சாலையில் பாதி தூரம் போகும்போதே "வேகத்தைக் குறை, குடிசை வரப்போகிறது" என்றான். டாராஹோ வந்ததும் என்னிடமிருந்து மவுஸை வாங்கி முகாமைச் சுற்றி ஒரு நடை நடந்தான். கூடாரங்கள் அப்படியே நிற்கின்றன, நெருப்புக் குழியைச் சுற்றி டாரன்கள் நிற்கிறார்கள்.

எரிந்துபோனதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அலையன்ஸ் ஆல்ட் இப்போது லெவல் 9, ஹானர்ஸ் ஸ்டாண்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.