தாலிக்கொடி பறிப்பு: சிஎஸ்ஆர் ரசீது போதுமா?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்காடு அடிவாரத்தில் பைக்கில் வந்தவன் என் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். கழுத்தில் சிவப்புக் கோடு இன்னும் எரிகிறது. முந்தானையில் சிக்கிய ஒரு தாலிக் குண்டுதான் மிச்சம். ஸ்டேஷனில், “இந்நேரத்தில் தனியா ஏம்மா வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு சிஎஸ்ஆர் மட்டும் கொடுத்தார்கள். அப்புறம் என்ன செய்வது?

பதில்: அக்கா, அது மனு வாங்கியதற்கான ரசீதுதான், எஃப்ஐஆர் இல்லை. முதலில் ஜிஎச் போய்க் கழுத்துக் காயத்தைப் பதிவு செய்யுங்கள். வெறும் பறிப்பு என்றால் பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) பிரிவு 304. பறிக்கும்போது காயப்படுத்தியிருந்தால் 309, வழிப்பறி, தண்டனை அதிகம். எஃப்ஐஆர் நகல் இலவசம். எஃப்ஐஆர் போட மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் எழுதுங்கள், மாநகர எல்லை என்றால் கமிஷனருக்கு.

பதில்: நானும் இப்படி நின்றவள்தான் கண்ணு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100-க்குக் கூப்பிடு. தனியாகப் போகாதே.

சரிக்கா. காலையில் தங்கச்சியோடு ஜிஎச் போகிறேன்.