ஒட்டிய இமைமுடி நிற்பதற்கு ஒரு சொல் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

வெள்ளவத்தை, வியாழன் இரவு

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். இங்கே கொழும்பில் அழகுக்கலை வகுப்பு எடுக்கிறேன். ஒட்டு இமைமுடி பற்றிய தமிழ்க் கையேடு திங்கட்கிழமை காலை பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும். ஒட்டிய முடி வாடிக்கையாளரின் சொந்த முடியில் இரண்டு மூன்று கிழமை கழறாமல் நிற்கிறதே, அந்தத் தன்மைக்குச் சொல் கிடைக்கவில்லை. சலூன்களில் 'ரிடென்ஷன்' என்கிறார்கள்.

'ஒட்டுதல்' போதாது. ஒட்டுவது ஒன்று, பசை இறுகுவது ஒன்று, பிறகு நிற்பது ஒன்று. மூன்றையும் கலந்து பேசினால் என்ன நடக்கும் என்பதைப் போன கிழமை பார்த்தேன். வெளியே அடைமழை, அறையின் ஈரப்பதமானி 84 காட்டியது. ஒரு பிள்ளை முடியைப் பசையில் தோய்த்து, 'கொஞ்சம் காயட்டும்' என்று இடுக்கியில் பிடித்தபடி காத்திருந்தாள். பார்வைக்கு அழகாகத்தான் ஒட்டியது. மறுநாள் அந்த வாடிக்கையாளர் அம்மா ஒன்பது முடியை டிஷ்யூவில் மடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் ஊசிமுனை அளவில் ஒரு வெள்ளை மணி. சொந்த முடியைச் சுற்றிக்கொள்ளும் முன்பே பசை கல்லாகிவிட்டது. 'காய்தல்' என்ற சொல்தான் அவளைக் காத்திருக்க வைத்தது.

கொட்டாஞ்சேனை, வெள்ளி காலை

மிஸ், அந்தப் பிள்ளையில் பிழையில்லை. பசை சயனோஅக்கிரிலேற்று வகை. 1942இல் கொடாக் நிறுவனத்தில் ஹரி கூவர் குழுவினர் கண்ட பொருள். தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று ஒதுக்கிவைத்தார்கள், 1958இல்தான் விற்பனைக்கு வந்தது. இது ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் உள்ள நீர் தொட்டதும் ஒருபகுதியங்கள் எனும் சிறு மூலக்கூறுகள் கோத்து நீண்ட சங்கிலியாக, பல்பகுதியமாகின்றன. ஈரம் கூடினால் வேகமும் கூடும். ஆகவே மழைநாளில் குளிரூட்டியைப் போட்டு ஈரத்தைக் குறையுங்கள், பசைத்துளியை அடிக்கடி மாற்றுங்கள், தோய்த்த கையோடு வைக்கச் சொல்லுங்கள். நடுப்படிக்கு 'இறுகுதல்' என்றே எழுதலாம். மூன்றாவதற்கு 'பற்றுறுதி' பொருந்தும்.

பம்பலப்பிட்டி, வெள்ளி மதியம்

கொட்டாஞ்சேனை சேர் தொட்ட 'பற்று' என்ற வேரை விட்டுவிடாதீர்கள். 'பற்றுக பற்றற்றான் பற்றினை' என்று தொடங்கும் 350ஆம் குறள் ஒன்றிலேயே அது ஆறு இடத்தில் வருகிறது. உலோகத்தை உலோகத்தோடு சேர்ப்பது பற்றாசு. தலைவலிக்குச் சுக்கை அரைத்து நெற்றியில் போடுவது பற்று. தீ பற்றுகிறது, கொடி கொம்பைப் பற்றுகிறது. ஒரு பொருள் இன்னொன்றை விடாமல் இருப்பதைச் சொல்ல இதைவிடப் பழகிய வேர் நம்மிடம் இல்லை.

எனக்கு 'இமைமுடி'யிலும் மனக்குறை உண்டு. மலையாளத்தார் 'கண்பீலி' என்று அழகாக வைத்திருக்கிறார்கள். 'பீலிபெய் சாகாடும்' என்று படித்த நாம் அதை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? மெல்லிய, வளைந்த, வரிசையாக நிற்கும் இறகு. 'பீலிப்பற்று' என்று ஒரே சொல்லாக அமைத்துவிடலாம்.

புறக்கோட்டை, வெள்ளி இரவு

ஐயா, முப்பது வருடமாகப் பேரேடு எழுதுகிறேன். எனக்குப் பற்று என்றால் வரவின் எதிர்ப்பக்கம். கடையில் பணம் கட்டினால் கொடுப்பது பற்றுச்சீட்டு. பதினெட்டு வயதுப் பிள்ளை 'பற்றுறுதி' என்று படித்தால் முதலில் நினைவுக்கு வருவது கடனாகத்தான் இருக்கும். பீலி அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பேயில்லை.

'தரிப்பு' என்று எழுதுங்கள். கொழும்பில் தமிழ் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் எல்லோருக்கும் பஸ் தரிப்பிடம் தெரியும். 'தரிப்பு நன்று', 'தரிப்பு குறைவு' என்று வாயில் இலகுவாக வரும். கரு தரிப்பதும் இந்தச் சொல்தான்.

வத்தளை, வெள்ளி இரவு

ஒட்டுமாங்கன்று கட்டிய கையால் எழுதுகிறேன். வெட்டிய இடத்தில் மண்ணோ எண்ணெயோ பட்டால் ஒட்டுப் பிடிக்காது. உங்கள் வேலையும் அதுதான் போலத் தெரிகிறது. சொந்த முடியைத் 'தாய்முடி' என்று எழுதுங்கள், தாய்மரம் என்பதைப் போல. நிற்பதற்கு 'பிடிமானம்' போதாதா? கட்டுமானம், சேர்மானம் எல்லாம் இருக்கின்றனவே.

பம்பலப்பிட்டி, வெள்ளி நள்ளிரவு

தாய்முடி அருமையான சொல். ஆனால் தரித்தல் வடமொழி வேரில் வந்தது. அதற்காக மட்டும் நான் மறுக்கவில்லை. தரிப்பிடத்தில் பஸ் நின்றுவிட்டுப் போய்விடுகிறது. நிற்பதைக் குறிக்க வந்த சொல் போவதையும் நினைவூட்டலாமா? பற்று வேண்டாமென்றால் 'நிலைப்பு' என்றாவது எழுதுங்கள்.

வெள்ளவத்தை, சனி மாலை

ஐயா, போவதையும் நினைவூட்டுவதால்தான் அந்தச் சொல் எனக்கு வேண்டும். தாய்முடியே நிலைப்பதில்லை. வளர்ந்து, ஓய்ந்து, தானாக உதிர்கிறது. உதிரும்போது ஒட்டு முடியையும் கொண்டுபோகிறது. 'நிலைப்பு' என்று வாக்குக் கொடுத்தால், அப்படி உதிர்ந்த ஒவ்வொன்றுக்கும் என் பிள்ளைகள் பேச்சு வாங்குவார்கள். உதிர்ந்ததைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறேன்: தாய்முடியோடு சேர்ந்து வந்தால், தரித்து முடிந்தது. அடியில் மணியோடு தனியே வந்தால், தரிக்கவே இல்லை. பிழை எங்களுடையது.

வத்தளை அண்ணன் சொன்ன எண்ணெய் உண்மை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, கண்மையும் பூசிக்கொண்டு வருபவரின் இமையை நுரையால் கழுவி, தூரிகையால் அடிவரை தேய்த்து உலர்த்தாமல் எந்தப் பசையும் நிற்காது. இங்கே 'உலர்த்துதல்' சரியான சொல், ஏனென்றால் அது உண்மையிலேயே நீர்.

'பிடிமானம்' ஒட்டிய கணத்தின் பிடியையே சொல்கிறது. நாட்கணக்கு அதில் இல்லை. இதுவரை தரிப்புக்கு நால்வர், பற்றுறுதிக்கு இருவர், பிடிமானத்துக்கு ஒருவர், நிலைப்புக்கு ஐயா. கையேட்டின் வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: 'தோலிலிருந்து அரை முதல் ஒரு மில்லிமீற்றர் தள்ளி, ஒரு தாய்முடிக்கு ஒரு ஒட்டு முடி வைக்கவும். பசை இறுகிய பின்னரே பக்கத்து முடியைத் தொடவும். இவற்றில் எது பிசகினாலும் தரிப்பு குறையும்.' நாளை காலை அச்சகத்துக்குப் போகிறது.

பம்பலப்பிட்டி, சனி இரவு

வரி தெளிவாக இருக்கிறது, தங்கச்சி. தரிப்புக்கு என் மறுப்பு அப்படியே இருக்கட்டும். பீலியை இரண்டாம் பதிப்பின்போது மீண்டும் கேட்பேன். அச்சுக்கு முன் ஒன்று. உங்கள் முதல் மடலில் 'கழறாமல்' என்று இருந்தது. கழறுதல் என்றால் இடித்துரைத்தல். கையேட்டிலும் அப்படி இருந்தால் 'கழலாமல்' என்று மாற்றிவிடுங்கள். மெய்ப்பை இன்றிரவே அனுப்பினால் விடியுமுன் பார்த்துத் தருகிறேன்.