மறு: டிவிஷன் – பிரிவா, புலமா?

> ‘ஃபிசிக்கல் சயின்சஸ் டிவிஷன்’ என்பதைப் ‘பருப்பொருள் அறிவியல் பிரிவு’ என்று வைத்துக்கொள்ளலாமே. டீனுக்குத்தான் ‘முதல்வர்’ இருக்கவே இருக்கிறது.

வணக்கம் ஐயா.

டிவிஷனுக்குப் பிரிவு வேண்டாம் என்பது என் கருத்து. நம் பல்கலைக்கழகங்களில் தேர்வுப் பிரிவு, நிதிப் பிரிவு என்றுதான் அந்தச் சொல் புழங்குகிறது. கேட்பவருக்கு அது துறையைவிடச் சின்னதாகத் தோன்றும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1930-இல் பிரித்த நான்கு டிவிஷன்களும் துறைகளுக்கு மேலே இருப்பவை. ஒரு துறை புதிதாகப் பேராசிரியரை எடுக்க வேண்டுமென்றால் டீன் ஒப்புக்கொண்டு மேலே அனுப்ப வேண்டும். துறைகளுக்கு நிதி ஒதுக்குவதிலும் அவர் சொல்லுக்கு எடை உண்டு. இதற்குப் புலம் பொருந்துகிறது, ஏற்கெனவே வழக்கிலும் இருக்கிறது.

‘துறைத்தொகுதி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கால்டெக்கில் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) ஆறு டிவிஷன்கள் உண்டு, அவற்றில் பலவற்றின் கீழ் வழக்கமான துறைகள் கிடையாது. சிகாகோவிலும் என்ரிக்கோ ஃபெர்மி நிறுவனம் போன்றவை துறைகளுக்குக் குறுக்கே நிற்கின்றன. இயற்பியல்காரரும் வானியல்காரரும் அங்கே ஒன்றாக இருப்பார்கள். தொகுதி என்றால் இதெல்லாம் வெளியே போய்விடும்.

அப்புறம் பருப்பொருள். சிகாகோவில் கணிதமும் புள்ளியியலும் கணினி அறிவியலும் ஃபிசிக்கல் சயின்சஸ் டிவிஷனில்தான் இருக்கின்றன. கணிதத்தில் பருப்பொருளுக்கு எங்கே போவது? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கணிதத்தை இந்த டிவிஷனின் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு, வேதியியலைத் தனி டிவிஷனாக வைத்திருக்கிறார்கள். கால்டெக்கில் வேதியியல் வேதிப்பொறியியலோடு சேர்ந்துகொண்டது. உள்ளே எது இருக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறுவதால், பொருளை இறுக்கிக் கட்டாத சொல்லே நல்லது. ‘இயற்பியல் அறிவியல்’ என்றால் இயற்பியல் துறை மட்டும்தான் என்று நினைப்பார்கள். ‘பௌதிக அறிவியல்’ என்று போடலாம். இலங்கையில் பௌதிக விஞ்ஞானம் என்றே சொல்கிறார்கள். வடசொல் என்று சிலர் முகம் சுளிப்பது தெரியும். பௌதிகவியல் அங்கே இயற்பியலைக் குறிப்பதால் கொஞ்சம் குழப்பமும் வரலாம். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே: பௌதிக அறிவியல் புலம்.

முதல்வர் என்றால் நமக்குக் கல்லூரி முதல்வர்தான் நினைவுக்கு வருவார். டீனுக்குப் புல முதன்மையர் இருக்கட்டும். கால்டெக்கில் டிவிஷனை நடத்துபவர் டீன் இல்லை, ‘சேர்’ (chair). அவருக்குப் புலத் தலைவர் போதும்.

டீன்களுக்கு மேலே கல்வி நிர்வாகத்தைப் பார்க்கும் புரவோஸ்டுக்கு (provost) என்ன சொல் என்று யாராவது தனி இழை தொடங்குங்களேன். துணைவேந்தரோடு குழம்பாத சொல்லாக இருந்தால் சரி.