எஸ்ஈலினக்ஸ்: டீமன் இனிட்_டியிலேயே நிற்கிறது, வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. கடலூர் முதுநகர் மீன் எடைக்கணக்கு சர்வர். அல்மாலினக்ஸ் 9, எஸ்ஈலினக்ஸ் (லினக்ஸ் கர்னலின் அனுமதிக் காவல்) என்ஃபோர்சிங் நிலை, அதாவது மீறலைத் தடுக்கும் நிலை. தராசிலிருந்து கணக்கு வாங்கும் டீமனை (பின்னணியில் ஓடும் நிரல்) எடை_டி என்ற தனி டொமைனில் (அது எதைத் தொடலாம் என்ற எல்லை) அடைக்க வேண்டும்.

செபாலிசி ஜெனரேட் கருவி கொடுத்த பாலிசி (விதித்தொகுப்பு) மாட்யூலை ஏற்றி, லேபிள்களைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கானும் ஓட்டியாச்சு. பைனரியின் லேபிள் எடை_எக்ஸெக்_டி, சரியாகவே இருக்கு. ஆனாலும் ஓடும் நிரல்களின் டொமைனைக் காட்டும் பிஎஸ் -ஈஇசட் போட்டால் எடை_டி வரவில்லை, சிஸ்டம்டியின் (சர்வீஸ்களைத் தொடங்கும் நிரல்) டொமைனான இனிட்_டி என்றே காட்டுது.

காரணம் தெரியும்: சிஸ்டம்டி யூனிட்டில் (சர்வீஸின் அமைப்பு ஃபைல்) உள்ள, புது உரிமை பெறுவதைத் தடுக்கும் நோநியூபிரிவிலெஜஸ் வரி. அது இருந்தால் எக்ஸெக் நேரத்தில் (நிரலை இயக்கத் தொடங்கும்போது) டொமைன் மாற்றத்தை கர்னல் ஏற்காது, பழைய டொமைனிலேயே விட்டுவிடும். சர்வீஸ் பாட்டுக்கு ஓடும். அதுதான் பயம், பூட்டு விழாமலே பூட்டியதாக நம்பிவிடுவோம். வரியை எடுத்தால் உடனே எடை_டி வருது, ஆனால் அந்தப் பாதுகாப்பை இழக்க மனசில்லை.

இந்த வரி இருந்தும் டொமைன் மாற, கர்னல் 4.14 முதல் புராசஸ்2 கிளாசில் (அனுமதிகளின் ஒரு வகை) என்என்பி_டிரான்சிஷன் அனுமதி இருக்கு. அதை இனிட்_டியிலிருந்து எடை_டிக்கு நேரடி அலோ வரியாக எழுதுவதா, இனிட்_என்என்பி_டீமன்_டொமைன் இன்டர்ஃபேஸை (பாலிசியில் உள்ள ஆயத்த விதி) அழைப்பதா? பாலிசி அப்டேட்டுக்குப் பிறகும் நிற்கிற முறை எது? எழுதியவர்கள் உங்கள் டிஇ ஃபைல் (பாலிசி விதிகள் எழுதும் ஃபைல்) வரியை அப்படியே போடுங்க.

இன்னொன்று. தராசு யூஎஸ்பி சீரியலில் வருது. அந்தச் சாதனங்களுக்கான பொது லேபிள் யூஎஸ்பிடிடிஒய்_டிவைஸ்_டிக்கு அனுமதி கொடுத்தால் எல்லா யூஎஸ்பி சீரியலும் திறந்துவிடும். யூடெவ் (சாதனம் செருகும்போது அமைப்பது) விதியில் லேபிள் போடும் செக்லேபல் வைத்துத் தராசுக்கு மட்டும் தனி லேபிள் போட்டவர்கள் யாராவது புதுச்சேரி, கடலூர் பக்கம் இருக்கீங்களா? தடுக்கப்பட்டவற்றின் பதிவிலிருந்து அனுமதி வரிகளைத் தானே எழுதும் ஆடிட்2அலோ தருவதை அப்படியே ஏற்றச் சொல்லாதீங்க. அது இந்த வாசலை அகலமாகத்தான் திறக்கும்.