டிக்கியில் டீசல் கொட்டிவிட்டது, வாடை போகவே மாட்டேன் என்கிறது

டெல்டாக்காரன்:
போன வாரம் பவர் டில்லருக்கு 20 லிட்டர் கேனில் டீசல் வாங்கி, கார் டிக்கியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். மூடிக்குள் வாஷர் இல்லை, நான் கவனிக்கவில்லை. வேகத்தடையில் ஒரு குலுக்கல். வீட்டில் வந்து பார்த்தால் 2 லிட்டராவது குறைந்திருந்தது.

அன்றைக்கே சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து ஹோஸில் தண்ணீர் அடித்தேன். மல்லிகை சென்ட் டப்பா ஒன்றும் மாட்டினேன். இப்போது மல்லிகையை டீசலில் முக்கியெடுத்த மாதிரி நாறுகிறது. அத்தை நேற்றுப் பாதி வழியில் இறங்கி பஸ் ஏறிவிட்டார். கேனைத் தூக்கியபோது கட்டியிருந்த வேட்டியை மெஷினில் இரண்டு தடவை போட்டேன். இப்போது மெஷினைத் திறந்தாலும் அதே வாடை. முகூர்த்தத்துக்குக் கும்பகோணம் போக வேண்டும், யாராவது வழி சொல்லுங்கள்.

ஸ்பேனர்:
பெட்ரோல் என்றால் கதவைத் திறந்துபோட்டால் பெரும்பாலும் ஆவியாகிவிடும். டீசல் கனமான எண்ணெய், லேசில் காயாது. தண்ணீர் அடித்ததுதான் தப்பு. அதில் மிதந்தே மூலைமுடுக்கெல்லாம் போயிருக்கும்.

டிக்கியில் விரித்திருக்கும் மேட்டை (விரிப்பை) தூக்குங்கள். அடியில் கம்பளி மாதிரி ஃபெல்ட் இருந்தால் பிழிந்து பாருங்கள். ஸ்டெப்னியையும் கழற்றி, அந்தக் குழியில் விரலை வைத்துப் பாருங்கள். வழுக்கினால் அங்கேதான் தேங்கியிருக்கிறது. தச்சுப் பட்டறையில் மரத்தூள் வாங்கி ஓர் இரவு கொட்டி வைத்து, காலையில் அள்ளுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் லிக்விடை வெந்நீரில் கலந்து துணியால் ஒற்றியெடுங்கள். ஊறிப்போன ஃபெல்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள், சீட் கவர் கடையில் புதிது வெட்டித் தருவார்கள். அள்ளிய தூளை அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

மாடிவீட்டு அக்கா:
தம்பி, வேட்டியை முதலில் மெஷினிலிருந்து எடுங்கள். டீசல், பெட்ரோல் பட்ட துணியை அந்த எண்ணெய் ஈரத்தோடு மெஷினில் போடவே கூடாது, பெட்ரோல் என்றால் தீப்பிடிக்கவும் கூடும். கொடியில் காற்றாட இரண்டு நாள் தொங்கட்டும். கறை பட்ட இடத்தில் பாத்திர லிக்விடைத் தண்ணீர் கலக்காமல் தேய்த்து அரை மணி நேரம் விட்டு, கையால் அலசுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி ஆப்பசோடா போட்டு ராத்திரி ஊறவையுங்கள். வாடை இருக்கும்வரை இஸ்திரிப் பெட்டி வேண்டாம். மெஷினைத் துணியில்லாமல் வெந்நீரில் ஒருமுறை ஓடவிடுங்கள். உங்கள் வீட்டம்மாவின் கோபத்துக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

ஹைவே ராஜா:
சென்ட் டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். காப்பித்தூளும் சும்மாதான், வாடையை மூடும், எடுக்காது. ஓட்டும்போது ஏசியில் வெளிக்காற்று வருகிற மாதிரி வையுங்கள். இன்னொன்று, எதுவும் கொட்டாமலே காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அது கழுவுகிற விஷயமில்லை. வண்டியை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

டெல்டாக்காரன்:
ஸ்பேனர் அண்ணே, குழியில் ஒரு டம்ளர் டீசல் நின்றது! ஃபெல்ட்டைப் பிழிந்தால் எண்ணெய்ச் சட்டியில் போட்ட பஞ்சு மாதிரி வழிகிறது, தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்று நாளாக டிக்கி வெயிலில் திறந்தே கிடக்கிறது. இப்போது மத்தியானம் மட்டும் லேசாக வருகிறது. அத்தை முன் சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேட்டி இன்னும் கொடியில்தான் தொங்குகிறது.